முப்பதடித் தெரு

வரைபடத்தை மடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேசை முழுக்க விரித்த தாளை விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே வந்தால், கடைசி மடிப்பில் வலது கீழ் மூலையில் உள்ள கட்டம் மட்டும் வெளியே தெரிய வேண்டும். வீட்டுக்காரர் பெயர், மனை எண், தெருவின் அகலம், வரைந்தவர் கையெழுத்து எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும். நகராட்சியில் உட்கார்ந்திருப்பவர் தாளைப் பிரிக்காமலே படித்துக்கொள்ளலாம். பிரிக்காமல் படிக்கிறவர்கள்தான் அங்கே அதிகம் என்று, வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் பிளான்காரர் சொல்வார்.

மடிப்பது அவர் மனைவியின் வேலை. கல்யாணமான மூன்றாவது மாதம் பழகியது. இருபத்து நான்கு வருஷமாகச் செய்கிறாள். அந்த வியாழக்கிழமையும் முன்னறையில் அவள் மடித்துக்கொண்டிருந்தபோதுதான் பிரமோட்டர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். ஒரே ஒரு பேப்பர்."

அந்த வருஷம் ஊருக்குப் புதிய விதி வந்திருந்தது. முப்பதடியும் அதற்கு மேலும் அகலமுள்ள தெருவில் நான்கு மாடி வரை அடுக்குமாடி கட்டலாம். முப்பதுக்குக் குறைந்தால் தரைத்தளமும் ஒரு மாடியும்தான். நகராட்சிச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் அகலமான தெருக்களுக்கு ஆரஞ்சு வண்ணம், மற்றதற்கு மஞ்சள். இந்தத் தெருவுக்கு ஆரஞ்சு விழுந்திருந்தது. பிளான்காரரின் வீட்டையும் பக்கத்துக் காலி மனையையும் சேர்த்துப் பதினாறு வீடு கட்டுவது என்று பிரமோட்டர் பேசி முடித்திருந்தார். வீடு அப்பா வழி வந்தது. பிளான்காரருக்கும் அவர் அக்காவுக்கும் சரிபாதி. ஆளுக்கு ஒரு ஃபிளாட்.

"என்ன பேப்பர்?" என்றார் பிளான்காரர்.

"தெரு அகலத்துக்கு ஒரு சான்று. எதிர்வீட்டுக்காரர் ஆட்சேபணை கொடுத்துட்டார், தெரு முப்பதடி இல்லைன்னு. வந்து அளக்க ஆபீஸ்ல ஆள் இல்ல. லைசென்ஸ் இருக்கிற யாராவது அளந்து கையெழுத்துப் போட்டா போதுமாம். ஊர் முழுக்கத் தேடுவானேன், நீங்களே இருக்கீங்க. திங்கக்கிழமைக்குள்ள கொடுத்துடணும்."

"எத்தனைன்னு எழுதியிருக்கார் அந்த ஆளு?"

"இருபத்தேழாம்."

பிளான்காரர் சிரித்தார். "எதை வச்சு அளந்தாராம்?"

"செருப்பை வச்சுன்னு எழுதியிருக்கார் சார். சத்தியமா. குதிகாலும் பெருவிரலும் ஒட்ட வச்சு முப்பத்திரண்டரை செருப்பு. ஒரு செருப்பு பத்து இஞ்ச்."

உள்ளேயிருந்து அக்கா சத்தமாகச் சிரிப்பது கேட்டது. முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல டைம் குறிச்சவருக்கு டேப்பு எதுக்குத் தம்பி? அவருக்கு எல்லாமே செருப்புக் கணக்குதான்."

"முப்பதுக்கு ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் நான் எழுந்து போயிட வேண்டியதுதாங்க. ஒரு மாடி கட்டினா எனக்குக் கம்பி விலைகூடத் தேறாது" என்றார் பிரமோட்டர். பயந்து சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்பதுபோலச் சொன்னார்.

"இந்தத் தெருவை அளந்தவனே நான்தான்" என்றார் பிளான்காரர். "இருபத்து மூணு வருஷம் முன்னாடி, பின்கட்டு ரூம் எடுக்கும்போது. இந்தத் தெருவுல அனுமதி வாங்கின முதல் பிளான் இந்த வீட்டோடது. அதுக்கப்புறம் எவன் வரைஞ்சாலும் என் பிளானைப் பாத்துத்தான் முப்பதுன்னு எழுதினான்."

தாளை மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. கணக்குத் தெரிந்து நின்ற கை இல்லை அது. முப்பத்திரண்டரையைப் பத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுப்பதற்கு அவளுக்குச் சற்று நேரம் ஆனது. இருபத்தேழு அடி ஒரு அங்குலம். பிறகு அவள் தலையைத் திருப்பி, திறந்திருந்த கதவு வழியாக வாசல் கேட்டைப் பார்த்தாள்.

கேட் சுவரோடு சுவராக இல்லை. மாமனார் கட்டும்போது, பூட்டைத் திறக்கிறவர்கள் தெருவில் நிற்க வேண்டாம் என்று கேட்டை மூன்றடி உள்ளே தள்ளி வைத்திருந்தார். அந்த மூன்றடிக்கு மேலே சின்னதாக ஒரு கான்கிரீட் கூரை. நாள் முழுக்க அங்கே மட்டும் நிழல்.

அந்த நிழலில்தான் அவள் நின்றிருந்தாள்.

*

ஏழு மாதம் அப்போது. டேப் பிடிக்கிற ஆள் வரவில்லை என்று அவளைக் கூப்பிட்டார். டேப்பின் முனையில் உள்ள வளையத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிர்வீட்டுச் சுவருக்குப் போனார். தெரு நடுவே யார் வீட்டுக்கோ மணல் கொட்ட வந்த வண்டி நின்றிருந்தது. வண்டிக்கு அடியில் டேப்பை விட்டார்கள். அந்தப் பக்கமிருந்து "பிடிச்சியா?" என்றார். "பிடிச்சேன்" என்றாள். நல்ல வெயில். முதுகைக் கேட் கம்பியில் சாய்த்து, வளையத்தைக் கேட் தூணில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வாசல் கேட்தானே என்று அவள் நினைத்திருக்கலாம். அல்லது ஒன்றும் நினைக்கவில்லை. வயிற்றில் குழந்தை உதைத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

முப்பதடி ஒரு அங்குலம் என்று அவர் கத்தினார். அங்குலத்தை விட்டுவிட்டு முப்பது என்று எழுதிக்கொண்டார்.

அந்தக் குழந்தை இப்போது வேறு ஊரில், எட்டாவது மாடியில் குடியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க மனைவி இதை வாயில் வைத்துக்கொண்டே வேலை செய்தாள். அரிசி களைந்தாள், வெங்காயம் அரிந்தாள், முட்டை வேக வைத்தாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முன்னறைக்குப் போனாள். முதல் முறை அவர் பூதக்கண்ணாடியைத் தாளுக்கு மேலே பிடித்துக் குனிந்திருந்தார். ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து, இன்னொன்று பாக்கி இருந்தது. இப்போதெல்லாம் கோடு அவர் போடுவார், எண்ணை அவள் எழுதுவாள். அவரிடம் பெருமை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் அளவு தப்பினதில்லை. வேறு எதிலும் அவர் தன்னைப் பெரிய ஆள் என்று சொல்லிக்கொண்டதில்லை. அந்த ஒன்றில் கை வைக்க வேண்டுமா என்று திரும்பிவிட்டாள்.

இரண்டாவது முறை திரும்பியதற்குக் காரணம் வேறு. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

அண்ணி, அதாவது அவருடைய அக்கா, இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். புருஷன் போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவள். கெட்டவள் இல்லை. ஆனால் அடுப்பில் பாத்திரம் வைத்தால் "தீ கூட" என்பாள். இறக்கினால் "வெந்துச்சா?" என்பாள். இருமினால் மூன்று அறைக்கும் கேட்கும். பதினோரு வருஷமாக மனைவி தன் சமையலறையில் தனியாக நின்றதில்லை. ஃபிளாட் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் ஒரு கதவை நினைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நடை, அந்தப் பக்கம் அண்ணியின் கதவு, இந்தப் பக்கம் தன் கதவு. சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், பக்கத்தில் உட்காரலாம், திரும்பி வந்து சாத்திக்கொள்ளலாம். அவரைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தால் மனசு சமாதானமாக இருந்தது. அந்தச் சமாதானத்துக்குப் பின்னால் இந்தக் கதவு இருந்ததைத்தான் அவள் பார்த்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அண்ணி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தாள். உள்ளே பித்தளைப் பூட்டு, புதுசு.

"நேத்துதான் வாங்கினேன். சிரிக்காத."

"நான் எங்க அண்ணி சிரிச்சேன்?"

"மனசுக்குள்ள சிரிப்ப. சுவரே எழும்பல, இவ பூட்டு வாங்கிட்டாளேன்னு." அண்ணி சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினாள். மூன்று சாவி. "எனக்குன்னு ஒரு பூட்டு இருந்ததே இல்லம்மா. அப்பா வீட்டுல அப்பா பூட்டு. அங்க போனா மாமியார் பூட்டு. அவரு இருந்த வரைக்கும் அவரு இடுப்புல சாவி. இங்க உன் வீடு."

"இது உங்க வீடும்தான்."

"பத்திரத்துல. சமையக்கட்டுல இல்லையே." குற்றமாகச் சொல்லவில்லை. "நீ ஒண்ணும் சொன்னதில்ல. நான்தான் வாயை வச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். தெரியும் எனக்கு. ஒரு வேலையும் இல்லாதவளுக்கு உன் அடுப்புதான் சினிமா."

அவள் சிரித்துவிட்டாள். அண்ணியும் சிரித்தாள். பிறகு ஒரு சாவியைக் கொத்திலிருந்து கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உன்கிட்ட இருக்கட்டும். ஒருநாள் கதவைத் திறக்கலைன்னா நீதானே திறக்கணும்."

*

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பிளான்காரர் சான்றுப் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டார். கையெழுத்து இடும் இடம் எதுவென்று விரலால் தேடினார்.

"நிரப்பும்மா. தெரு அகலம் முப்பதடின்னு போடு."

அவள் பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

"ஒரு தடவை அளந்துடலாங்க."

"எதை?"

"தெருவை."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அந்த ஆளு செருப்பை வச்சு அளந்தா, நான் டேப்பை எடுக்கணுமா? என் அளவுல உனக்கே சந்தேகமா?"

"சந்தேகம் இல்லைங்க. அளந்த தேதின்னு ஒரு வரி இருக்கு. கீழ அளந்த நேரம்னும் இருக்கு. என்ன எழுதட்டும்? இருபத்து மூணு வருஷம் முன்னாடின்னா?"

அவர் படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோய் அந்த வரியைத் தேடினார். அது அவரால் தாண்ட முடியாத இடம் என்று அவளுக்குத் தெரியும். போகாத மனைக்குப் போனதாக அவர் ஒரு நாளும் தேதி போட்டதில்லை. அவள் தெரிந்துதான் அந்த இடத்தைத் தொட்டாள். உண்மையைச் சொல்லாமல் உண்மை தானே வெளியே வர ஒரு வழி செய்துவிட்டு, தான் தள்ளி நின்றுகொள்ளலாம் என்று நினைத்தாள். அதிலும் ஒரு கோழைத்தனம் இருந்தது. இருக்கட்டும், இவ்வளவு தைரியம்தான் கைவசம் என்று நினைத்துக்கொண்டாள்.

"தேதிக்காக வேணா அளக்கலாம்" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலைல. ஞாயித்துக்கிழமை வண்டி இருக்காது."

"அளந்தா மட்டும் தெரு சுருங்கிடவா போகுது? நல்லா அளங்க" என்றாள் அண்ணி.

*

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே வெயில் தாரில் பளபளத்தது. ஐம்பதடி ஸ்டீல் டேப், தோல் உறையில், சுற்றுவதற்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியோடு. உறையின் தையல் விட்ட இடத்தை அவளே இரண்டு முறை தைத்திருக்கிறாள். எண்ணைப் படிக்க அவர் கண் போதாது. அவள்தான் எதிர்ப்பக்கம் நின்று படிக்க வேண்டும். அவர் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வார். வீட்டுப் பக்கம் முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"இங்க குடு, நான் பிடிக்கிறேன்" என்றாள் அண்ணி. செருப்பு மாட்டி, சேலையை இழுத்துச் செருகித் தயாராக நின்றாள். "என் வீட்டுக்கு நான் ஒரு வேலையாவது செஞ்சேன்னு இருக்கட்டும்."

வளையத்தை வாங்கிக்கொண்டாள். கணவனும் மனைவியும் டேப்பை விட்டுக்கொண்டே தெருவைக் கடந்தார்கள். எதிர்வீட்டுச் சுற்றுச்சுவருக்கு உள்ளே, நாற்காலியில் அந்த வீட்டுக்காரர், பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர், உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் இடது கையில் கடிகாரம், சட்டைப் பையில் பேனா.

"வாங்க பிளான்காரரே. செருப்பு வேணுமா, இரவல் தரேன்."

"உங்க செருப்பு உங்களுக்கே இருக்கட்டும் சார். தேஞ்சிருந்தா கணக்கு தப்பிடும்."

"தேஞ்சா கூடத்தான் வரணும், குறைஞ்சா வரும்?" என்றார் டைம்கீப்பர். "எனக்கு உங்க மேல ஒண்ணும் விரோதம் இல்ல. காலைல ஏழு பத்துக்கு என் அடுக்களை ஜன்னல்ல வெயில் வரும். நாலு மாடி எழும்பினா எனக்குப் பத்தரைக்குத்தான் விடியும். அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். வெயில் வேணும்னு எழுதினா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்களாம். அடியில எழுதச் சொன்னாங்க."

பிளான்காரர் டேப்பை இழுத்து விறைப்பாக்கினார்.

"பிடிச்சியாக்கா?"

"பிடிச்சேன் தம்பி!"

அவள் டேப்பைச் சுவரோடு ஒட்டி, குனிந்து எண்ணைப் பார்த்தாள். முப்பதடி ஒரு அங்குலம்.

நிமிர்ந்து பார்த்தாள். இன்றைக்கு நடுவில் மணல் வண்டி இல்லை. தெரு காலியாக, வெளிச்சமாக இருந்தது. அண்ணி கேட்டில் முதுகைச் சாய்த்து, கூரையின் நிழலில், வளையத்தைக் கேட் தூணில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். அதே தூண். அதே நிற்பு. வலிக்கிற காலைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தாள்.

வெயிலில் யாரைக் கொண்டுவந்து விட்டாலும் அங்கேதான் போய் நிற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் தப்பு எதுவும் இல்லை. அப்போது தன்மேலும் தப்பு இல்லை. ஒரு நிமிஷம் அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்றால், அப்படியே எண்ணைச் சொல்லிவிட அவள் வாய் திறந்துவிட்டது. தேதி உண்மை. நேரம் உண்மை. டேப்பில் தெரிகிற எண் உண்மை. பக்கத்தில் நிற்பவருக்கு அண்ணி ஒரு நிறமாகத்தான் தெரிவாள், எங்கே நிற்கிறாள் என்று தெரியாது. இந்த மூன்றடியைப் பார்க்கிற கண் தெருவில் அவளுடையது மட்டும்தான்.

"எவ்வளவு?" என்றார் அவர், பேனாவைப் படிவத்தில் வைத்தபடி.

சேலை முந்தானை முடிச்சில் அந்தச் சாவி இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் வெள்ளிக்கிழமையிலிருந்து முடிந்துவைத்திருந்தாள்.

"எவ்வளவும்மா?"

"அண்ணி!" என்று கூப்பிட்டாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "கொஞ்சம் முன்னால வாங்க. சுவருக்கு வாங்க."

அண்ணி நகரவில்லை.

"இங்க நிழலா இருக்கும்மா."

கெஞ்சலா, காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். அண்ணிக்குத் தெரியுமோ என்று அவள் நினைத்தாள். செருப்புக் கணக்கைக் கேட்ட அன்றே அண்ணியும் கேட்டைப் பார்த்திருப்பாளோ. அப்படியானால் இரண்டு பேரும் மூன்று நாளாக ஒரே பானையில் சோறு எடுத்துக்கொண்டு, ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்திருந்திருக்கிறார்கள்.

"தெரியும் அண்ணி" என்றாள். "அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன்."

பக்கத்தில் பேனா தாளிலிருந்து எழும்புவது அவளுக்குத் தெரிந்தது. அவர் பக்கம் திரும்பவில்லை.

அண்ணி வளையத்தைத் தூணிலிருந்து எடுத்தாள். ஒரு காலை வைத்தாள். மற்றதை இழுத்துச் சேர்த்தாள். மூன்றடிக்கு அவளுக்கு நான்கு எட்டு வேண்டியிருந்தது. கையில் டேப் தொய்ந்து தாரில் படுத்தது. வெயிலுக்கு வந்ததும் ஒரு கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டாள். மறு கையால் வளையத்தைச் சுவரின் விளிம்பில், சரியாக விளிம்பில், வைத்து அழுத்தினாள். டேப் மறுபடி விறைத்தது.

"இப்ப?" என்று கேட்டது அண்ணிதான்.

"இருபத்தேழு. ஒரு இஞ்ச்."

"திரும்பப் படி" என்றார் அவர்.

"இருபத்தேழடி ஒரு அங்குலம்."

அவர் எழுதவில்லை. தெருவை, அதன் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, பார்வை இருக்கிற கண்ணால் மெதுவாகப் பார்த்தார்.

"நடுவுல மணல் வண்டி நின்னுச்சு" என்றார்.

"ஆமாங்க."

"நான் இந்தப் பக்கம் வந்து பாத்திருக்கணும்."

"நான் கேட்டிருக்கணும், எங்க பிடிக்கன்னு."

"உனக்கு ஏழு மாசம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. குனிந்து எண்ணை எழுதினார். வழக்கத்துக்கு மாறாக, அங்குலத்தையும் எழுதினார். தேதி போட்டார்.

"மணி என்ன?"

சுவருக்கு உள்ளிருந்து பதில் வந்தது. "பத்து நாப்பத்திரண்டு." ஜெயித்த ஆளின் குரலாக இல்லை. இருபத்தெட்டு வருஷமாகப் புறப்படுகிற பஸ்களுக்குச் சொன்ன அதே குரல். சற்றுப் பொறுத்து, "வெயில்ல நிக்கிறாங்களே, அவங்களை உக்காரச் சொல்லுங்க. நாற்காலி வேணா தரேன்" என்றார்.

அவர் அந்த நேரத்தையும் எழுதி, கீழே கையெழுத்து இட்டார். இடம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அவள் பார்த்தாள், சொல்லவில்லை.

எதிரே அண்ணி இன்னும் சுவர் விளிம்பிலேயே நின்றிருந்தாள். அவள் நிழல் காலடியில் சின்னதாக விழுந்திருந்தது. யாரும் சொல்லாமல் கையை எடுக்கக் கூடாது என்று நினைத்தவள் போல வளையத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"விடட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க அண்ணி" என்றாள் அவள்.

டேப் தாரில் விழுந்து ஒரு முறை சத்தமிட்டது. அவள் உறையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். வளையம் மண்ணைக் கீறிக்கொண்டு, நின்று, நகர்ந்து, தெருவின் முழு அகலத்தையும் கடந்து அவளிடம் வந்தது.